கயிறு பிடித்தவன்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
22-4-1974

என் உடன்பிறந்த வளனுக்கு அக்காள் இசபெல்லா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் மாமியும் மாதா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்தப் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசை விடாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பத்தானே முடியும், நீ எழுதினால் அல்லவா தெரியும்!

ஏலே, நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு வந்தது. அதில் நாலு வரி. நாலில் இரண்டு வரி ரயிலில் கூட்டம் என்பதற்கே போய்விட்டது. துறைமுகத்தில் வேலை கிடைத்தது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே, அது என்ன பழக்கம்? அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏளா, வளன் எங்க?" என்று கேட்டபோது நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் உடம்பைப் பற்றி எழுதுகிறேன். பிப்ரவரியில் அந்த வெள்ளிக்கிழமை நீ அவரைத் தண்ணீருக்குள் இருந்து தூக்கி வள்ளத்தில் போட்டபோது பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார் அல்லவா? மூச்சு திரும்பி வந்தது, கால் திரும்பி வரவில்லை. இடது கால் இழுக்கிறது. வலது கை விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். உயிர்த்த ஞாயிறு பாஸ்குப் பூசைக்குப் பக்கத்து வீட்டு வில்பிரட் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போனோம். இங்கே பார்த்த டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போடுகிறார். முப்பத்தி மூன்று வயது ஆளுக்கு என்ன தளர்ச்சி என்று எனக்குப் புரியவில்லை.

கடலுக்குள் இறங்கிச் சங்கு குளிக்கிறவனுக்கு மேலே வள்ளத்தில் மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும், அக்காள் தாலிக்கு அவன்தான் காவல் என்று நம் ஆட்கள் வைத்த முறை. ஆறு வருஷம் நீ அவருக்குக் கயிறு பிடித்தாய். இப்போது அவர் கரையில் கிடக்கும்போது பக்கத்தில் நீ இல்லாதது எனக்கு ஒரு கை ஒடிந்தது போல இருக்கிறது. அதற்காகக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. பதில் எழுது.

உன் அக்காள்,
இசபெல்லா


பம்பாய்
11-5-1974

அன்புள்ள அக்காவுக்கு வளன் எழுதுவது. நான் சுகம். நம் பக்கத்து ஆட்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். சோறும் மீனும் உண்டு, குறை ஒன்றும் இல்லை. மாமியையும் விசாரித்ததாகச் சொல்.

கடிதம் வந்தது. இரண்டு மூன்று தடவை வாசித்தேன். இங்கே என்னோடு வேலை செய்கிற ஜேசுபாதம் பெரியதாழைக்காரர். அவர் சித்தப்பாவுக்கு இதே போல வாதம் வந்து கால் விழுந்துவிட்டதாம். உச்சி வெயிலில் கடற்கரையில் குழி தோண்டி, இடுப்பு வரை சுடுமணல் போட்டு மூடி, தினமும் ஒரு மணி நேரம் வைத்தார்களாம். ஒரே மாதத்தில் அவர் ஓடினார் என்கிறார். நம் ஊரில் மணலுக்கா பஞ்சம்? வெயிலுக்கா பஞ்சம்? உடனே செய்யுங்கள். மணலுக்குப் பிறகு தேய்க்க ஒரு எண்ணெய் வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதையும் சூடு பண்ணித்தான் தேய்க்க வேண்டும். வெயில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று ஜேசுபாதம் சொல்கிறார்.

அத்தான் அந்த நாளைப் பற்றி ஏதாவது பேசுகிறார்களா? பேசினால் என்ன பேசினார்கள் என்று அப்படியே எழுது. ஒன்றும் பேசவில்லை என்றாலும் எழுது.

தம்பி,
வளன்


திரேஸ்புரம்
28-6-1974

தம்பி வளனுக்கு மாதா துணை. எல்லோரும் இருக்கிறோம். உன் சுகத்துக்கு எழுது.

மணல் வைத்தோம். ஐந்து நாள் வைத்தோம். போதும் என்று நிறுத்திவிட்டோம். எண்ணெய் வந்தது. அதைத் திறக்கவில்லை.

பங்குச் சாமியார் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் போகிறோம். வில்பிரட் கூட வருகிறான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். உன் அத்தான் அந்த நாளைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நானாகக் கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இசபெல்லா


வேலூர்
5-8-1974

பிரியமுள்ள தம்பிக்கு, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அக்காள் எழுதுவது. அறையில் உன் அத்தான் குறட்டை விட்டுத் தூங்குகிறார், ஆகவே அவர் சுகத்தை நீயே தெரிந்துகொள். நீயும் அப்படியே நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பனிமய மாதா திருநாள். ஊரே கோயில் வாசலில் நிற்கும். நான் மட்டும் டெட்டால் வாசனையில் நிற்கிறேன். என்றாலும் தம்பி, இந்த வருஷம் போல மாதாவுக்கு நான் மனசார நன்றி சொன்னது கிடையாது. ஏன் என்று கேள்.

சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நேற்று முன்தினம் சோதனைக்காக ஒரு தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அவரைக் கழுத்து வரை உட்கார வைத்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. "ஏளா, கண்ணு மங்குது, உன் மூஞ்சி தெரியல" என்றார். கால் ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டது. நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். இவரைப் பார்க்கிற டாக்டர் அம்மாவோ தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதுகிறார். பிறகு அவரை வெளியே எடுத்து, காற்றாடிக்குக் கீழே படுக்க வைத்து, உடம்பெல்லாம் குளிர்ந்த துணி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணும் வந்தது, காலும் வந்தது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

வியாதிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன், இல்லையென்றால் வாயில் நிற்காது. கரண்டுக் கம்பிக்கு மேலே உறை இருக்கிறது அல்லவா, அதுபோல நரம்புக்கும் உறை உண்டாம். அது அங்கங்கே அரித்துப் போவதால்தான் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேரவில்லை. உடம்பு சூடானால் கொஞ்சநஞ்சம் போவதும் நின்றுவிடும். சூடுதான் இவருக்கு எதிரி. தண்ணீருக்குள் மூச்சு அடக்கியதால் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லவே இல்லை, இது எப்போதோ உள்ளே ஆரம்பித்த வியாதி, யாரும் செய்து வந்ததில்லை என்றார்கள்.

குணமாகுமா என்று கேட்டேன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. "குணமாக்குவேன்னு சொல்ல மாட்டேன். வரும், போகும். ஆனா இதோட நல்லா வாழ வழி இருக்கு, சொல்றேன். கேட்பாரா?" என்றார்கள். இவர் கேட்கிற ஆள் இல்லை, நான் கேட்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பனி மாதா காலடியில் பிறந்த மனுஷனுக்குச் சூடு ஆகாத வியாதி! தாய்க்குத் தெரியாமல் இருக்குமா? ஊருக்குப் போய் மற்றதை எழுதுகிறேன்.

மனசு நிறைந்து,
இசபெல்லா


பம்பாய்
26-8-1974

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். நீங்கள் எல்லோரும் ஊர் வந்து சேர்ந்த விவரம் எழுது.

சூடு எதிரி என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நான் சொன்ன மணல்? ஐந்து நாளில் ஏன் நிறுத்தினீர்கள்? ஜூன் மாதக் கடிதத்தில் நீ ஒன்றும் எழுதவில்லை. பத்து பக்கம் எழுதுகிற நீ அன்றைக்குப் பத்து வரி எழுதினாய். உண்மையை எழுது அக்கா. எழுதவில்லை என்றால் நான் நினைத்துக்கொள்வது அதைவிட மோசமாக இருக்கும்.

வளன்


திரேஸ்புரம்
20-9-1974

என் தம்பி வளனுக்கு அக்காளின் முத்தம். இங்கே மாமிக்கு இருமல் தவிர வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. உனக்கு அங்கே மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். தலையைத் துவட்டு.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். மணலில் வைத்த மூன்றாம் நாள் கண் மங்கிற்று. வெயில் கூச்சம் என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் தோண்டி எடுத்தபோது இரண்டு காலும் நிற்கவில்லை. அதன்பிறகு மூன்று வாரம் படுக்கை. அந்த மூன்று வாரமும் நான் பட்டதை எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். இப்போது கண் தெளிந்துவிட்டது. கால் மெல்ல மெல்ல வருகிறது. அதை அப்போதே எழுதினால் நீ தனியாக உட்கார்ந்து உருகுவாய் என்றுதான் விட்டேன். குழி தோண்டியது வில்பிரட். மணல் அள்ளிப் போட்டது நானும் மாமியும். வாயைத் திறக்காமல் கிடந்தது உன் அத்தான். இத்தனை பேர் இருக்க, நீ ஒருவன் எப்படிக் குற்றவாளி ஆவாய்? இந்தக் கடற்கரையில் வாதத்துக்கு மணல் வைக்காதவர் யார்? நீ பாசத்தில் சொன்னாய். விடு.

இனி நல்லதைக் கேள். விடியுமுன்னே அவரை எழுப்பிக் கடலுக்குக் கூட்டிப்போகிறோம். கழுத்தளவு தண்ணீரில் வில்பிரட் கூடவே நிற்க, அவர் நடக்கிறார். தரையில் தள்ளாடுகிற கால் தண்ணீரில் தள்ளாடுவதில்லை! முதல் நாள் பத்து அடி எடுத்து வைத்தார், இப்போது கரையோரமாக ஐம்பது அறுபது போகிறார். வெயில் ஏறுமுன்னே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மத்தியானம் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் படுக்கை. "ஆம்பளை பகல்ல படுத்தா வீட்டுக்கு ஆகுமா?" என்று மாமி முனகுகிறார்கள். டாக்டர் அம்மாவுக்குக் கடுதாசி போடட்டுமா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டில்தான் சண்டை. கொழுப்பு ஆகாது என்று டாக்டர் அம்மா சொன்னதால் நெய் இல்லை, ஆட்டுக்கறி இல்லை, தேங்காய் பேருக்கு மட்டும். மீன் மட்டும் வேண்டிய மட்டும் தின்னலாம், அந்த மட்டில் கடவுள் நம்மைக் கடற்கரையில் வைத்தார். தேங்காய் அரைக்காமல் முதல் நாள் குழம்பு வைத்தேன். மாமி சட்டியைத் திறந்து பார்த்து, "ஏளா, இது குழம்பா, மீன் குளிச்ச தண்ணியா?" என்றார்கள். உன் அத்தான் சிரித்தார் பார், பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இப்போது புளியும் மிளகும் கூட்டி ஒரு பக்குவம் கண்டுபிடித்திருக்கிறேன். சுருட்டையும் விட்டுவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு வா. அவரைப் பார்த்தால் உனக்கே தெம்பு வரும்.

இசபெல்லா


திரேஸ்புரம்
29-12-1974

தம்பி என்று ஒருவன் எனக்கு உண்டா இல்லையா என்று தெரியாமல் இசபெல்லா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்தை ஜேசுபாதம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதம் வளன், மூன்று மாதம்! உன் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஜேசுபாதம் ஊருக்கு வந்தபோது அத்தானுக்குச் சட்டைத்துணி கொடுத்துவிட்டாய். துணி வந்தது, நீ வரவில்லை. நான் துணியிடமா பேசுவேன்? மணலைப் பற்றி எழுதினது என் தப்பு. கேட்டாயே என்று எழுதினேன். இனிமேல் நீ கேட்டாலும் பொய்தான் சொல்வேன், பார்த்துக்கொள்.

உனக்குச் சொல்லாமல் எனக்கு எந்த நல்லதும் இனிப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். படகுகளுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி வைத்திருக்கிறாரே பிச்சையா அண்ணாச்சி, அவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். "தம்பி, உமக்குச் சூடு ஆகாதுன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட சூடே கிடையாது. வந்து உக்காரும்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஐஸ் ஏற்ற வருகிற படகுக்காரர்கள் நான் முந்தி நீ முந்தி என்று தினமும் அடித்துக்கொள்கிறார்களாம். உன் அத்தான் சொன்னால் திரேஸ்புரத்தில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. யார் வரிசை முன்னே, யார் பின்னே என்று சொல்லி அனுப்புகிற வேலை. ஐஸ் அறைக்குப் பக்கத்திலேயே நாற்காலி.

மாமி ஆடிய ஆட்டத்தை நீ பார்க்கவேண்டுமே. "வாதக்காரனை ஐஸ்ல கொண்டு வைக்கியே, எம் புள்ளை என்ன நெய்மீனா?" என்று தெருவைக் கூட்டிவிட்டார்கள். ஜன்னி வரும், கை கால் விறைக்கும் என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. ஆனால் வளன், அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்தால் அவர் விரல் மடங்குகிறது! சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். கம்பு ஊன்றிக் காலையில் தனியாகவே கம்பெனிக்குப் போகிறார். முதலில் கம்பு வைத்துக்கொள்ள வெட்கப்பட்டார். விழுந்தால் வெட்கம் போய்விடும் என்று விட்டேன். ஒரு தடவை விழுந்தார், வெட்கம் போய்விட்டது. கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு யாரும் பிடிக்காமல் நடந்து போய் மாதா முன்னே நின்றார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன். "வேண்டல, நன்றி மட்டும் சொன்னேன்" என்றார்.

எல்லாம் இருக்கிறது. நீதான் இல்லை. ஏன் வரமாட்டேன் என்கிறாய்? என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய்?

அக்காள்


பம்பாய்
19-1-1975

அன்புள்ள அக்காவுக்கு. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தான் நடப்பது அறிந்து சந்தோஷம். முழங்காலிட்டு நன்றி சொன்னேன்.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அத்தான் பாரத்துக்குக் கட்டிய கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிய நேரத்தில், வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு பெரிய கப்பலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த நாட்டுக் கப்பல், அதில் நமக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன். கயிறு என் கையில்தான் இருந்தது, நினைப்பு கையில் இல்லை. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்றே தெரியவில்லை. கயிறு சும்மா கிடந்தது. தூக்கச் சொல்லி அவர் கீழேயிருந்து கயிற்றைச் சுண்டியிருப்பார், நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று பதறி இழுத்தேன். பாரமாக வந்தார்.

ஒரு சுண்டு சுண்டினால் தூக்க வேண்டும். அது ஒன்றுதான் என் வேலை. அதற்குத்தான் அக்காள் புருஷனுக்கு மச்சினனை வைத்தார்கள். வியாதி முன்பே இருந்தது என்று டாக்டர் அம்மா சொல்லலாம். அவர்கள் அந்த வள்ளத்தில் இருக்கவில்லை. அத்தான் உன்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எழுதினாயே, அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் திருப்பிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைச் சுடுமணலிலும் புதைக்கச் சொன்னேன். எந்த முகத்தோடு நான் வர?

இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டாதே. என்மேல் ஆணை.

வளன்


திரேஸ்புரம்
16-2-1975

மச்சினன் வளனுக்குக் கிளாட்வின் எழுதிக்கொண்டது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். விரலுக்குப் பயிற்சியாகத் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாளாக இந்தக் கடிதத்தைத்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வாசித்துக் காட்டாதே என்று உன் அக்காளுக்கு எழுதியிருந்தாய். அந்த வரியையும் சேர்த்துத்தான் வாசித்தாள். அவளிடம் போய் ரகசியம் சொன்னாயே, உன்னை என்ன சொல்ல!

இப்போது நான் சொல்வதை நிதானமாக வாசி. அன்றைக்கு நான் கயிற்றைச் சுண்டவே இல்லை, வளன்.

அதற்கு முந்தின கல்லறைத் திருநாளிலேயே எனக்கு விரல் மரத்துவிட்டது. அப்பா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது தீ விரலைச் சுட்டது, எனக்குத் தெரியவில்லை. தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். கிறிஸ்மஸ் சமயத்தில் ஒரு கண் பத்து நாள் மங்கிக் கிடந்தது. சொன்னால் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள் என்று மறைத்தேன். உன்னிடம் சொன்னால் கயிறு பிடிக்க மாட்டாய் என்று உன்னிடமும் மறைத்தேன். யாரிடம் மறைத்தாலும் கயிறு பிடிக்கிறவனிடம் மறைக்கலாமா? அது நான் செய்த துரோகம்.

அன்று அடியில் சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு, தூக்கச் சொல்லலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். கை மூடவில்லை. கயிறு உள்ளங்கையில்தான் கிடக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், விரல் மடங்க மாட்டேன் என்கிறது. இடது கையை நீட்டித் திரும்பினால் கால் உதைக்க வரவில்லை. மாதாவே என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

நீ உத்தமனாகக் கயிற்றையே பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். சுண்டாமல் தூக்கக் கூடாது என்பது முறை. அவசரப்பட்டுத் தூக்கினால் மேலே வந்ததும் நான் உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அந்தத் திட்டுக்குப் பயந்து, இப்போது சுண்டுவார், இதோ சுண்டுவார் என்று நீ காத்திருப்பாய். சுண்ட வேண்டிய கை செத்துக் கிடந்தது. நான் அங்கேயே முடிந்திருப்பேன். நீ கப்பலைப் பார்த்தாய், பயந்தாய், சுண்டாத கயிற்றை இழுத்தாய். அதனால் நான் இருக்கிறேன். உன் அக்காள் கழுத்தில் தாலி இருக்கிறது. அந்தக் கப்பல்காரன் எந்த நாட்டுக்காரனோ, பிள்ளைகுட்டியோடு நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

நீ சொல்லாமல் போனபோது, நான் மறைத்ததைக் கண்டுபிடித்துக் கோபத்தில் போய்விட்டாய் என்று நினைத்தேன். நான் செத்திருந்தால் ஆயுசு முழுக்க அந்தப் பழி உன் தலையில் அல்லவா விழுந்திருக்கும்? அந்த வெட்கத்தில்தான் உன் அக்காள் கேட்டபோது முகத்தைத் திருப்பினேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். ஒரு வருஷம் இரண்டு முட்டாள்கள் ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறோம். மணலை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன், நீயும் மற.

என் நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்து, கால் மறுபடி விழுந்தது. பதினெட்டு நாள் படுத்திருந்தேன். பிறகு எழுந்துவிட்டேன். வரும்போது படுக்கிறேன், போனதும் நடக்கிறேன், அவ்வளவுதான். காலையில் முழிப்பு வந்ததும் கால் விரலை ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் கடவுளுக்கு நன்றி. ஆடாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு மறுபடி ஆட்டுவேன். முன்பெல்லாம் ஒரு நாளில் நூறு தடவை கடலுக்குள் போய் வந்தும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது வீட்டிலிருந்து கம்பெனி போய்ச் சேர்ந்தாலே சொல்கிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன் வளன், இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை.

கைக்கு இதற்கு மேல் முடியவில்லை.

அத்தான்,
கிளாட்வின்

இதற்குக் கீழே இசபெல்லா. இந்த மனுஷர் கல்லறைத் திருநாளிலிருந்து என்னிடமும் மறைத்திருக்கிறார், எனக்கு இப்போதுதான் தெரியும். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிவிட்டேன். உன் பங்குத் திட்டு இங்கே பாக்கி இருக்கிறது, நேரில் வந்து வாங்கிக்கொள்.


பம்பாய்
5-3-1975

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு வளன் எழுதுவது. நீங்களும் அக்காளும் மாமியும் சுகமாக இருப்பீர்கள். நான் இன்றுதான் சுகம்.

உங்கள் கடிதத்தை வேலை நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூட்டை மேலே உட்கார்ந்து வாசித்தேன். கயிற்றைச் சுண்டவே இல்லை என்ற இடத்துக்கு மேலே என்னால் வாசிக்க முடியவில்லை. ஜேசுபாதம் ஓடி வந்து, "ஏலே, ஊர்ல யாரும் செத்துட்டாவளா?" என்று கேட்டார். இல்லை, பிழைத்துவிட்டார்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சத்தை அவர்தான் வாசித்துச் சொன்னார். கப்பல்காரன் இடம் வந்ததும் அவரும் அழுதார்.

ஒரு வருஷமாகக் கண்ணை மூடினால் அந்தக் கயிறு சும்மா கிடக்கும். எத்தனை தடவை அதை மனசில் இழுத்திருப்பேன் என்று கணக்கில்லை. நேற்று முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன். நீங்கள் மறைத்ததற்கு எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள், எனக்கு அது போதும்.

லீவு கிடைத்துவிட்டது. பாஸ்குக்கு ஊரில் இருப்பேன். புதன்கிழமை வண்டி தூத்துக்குடி வந்து சேரும்போது உச்சி வெயில் ஆகிவிடும். அதனால் நீங்கள் ஸ்டேஷனுக்கு வரக்கூடாது. அக்காளும் வரவேண்டாம், பிளாட்பாரத்திலேயே அடிப்பாள். நீங்கள் கம்பெனியில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருங்கள். பெட்டியோடு நேரே அங்கே வருகிறேன்.

அத்தான், ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு வருஷமாக உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று அத்தான் என்று ஒரு தடவை கூப்பிடுவேன். படகுக்காரர்கள் எத்தனை பேர் நின்று சண்டை போட்டாலும் சரி, என்னலே என்று உடனே கேட்டுவிடுங்கள்.

உங்கள் மச்சினன்,
வளன்